கேனில் வந்த கடல்

நம் சங்க அலுவலக முன்னறையில் கடல் மீன் தொட்டி வைக்கலாம் என்று சென்ற கூட்டத்தில் பேச்சு எழுந்தது. "மாமல்லபுரம் பக்கத்தில்தானே இருக்கிறது? தண்ணீரும் மணலும் இலவசம்" என்றார் ஓர் அன்பர். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். முடிவெடுக்கும் முன் இந்தச் சிறு வரலாற்றைப் படித்துவிடுங்கள்.

1846-இல் அன்னா தின் என்ற சீமாட்டி, தென் இங்கிலாந்தின் டார்கி கடற்கரையிலிருந்து பவளங்களை லண்டனுக்கு எடுத்துச் சென்றார். கடல் நீரோ வெளியூரிலிருந்து வர வேண்டும். ஆகவே இருந்த நீரையே பணிப்பெண்ணைக் கொண்டு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார், நாம் டீ ஆற்றுவதுபோல. நீரில் காற்று கலந்தது, பவளங்கள் பிழைத்தன. இன்றைய ஏர் பம்ப் செய்வதும் அதே வேலைதான். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மக்களுக்கான மீன் காட்சியகம் திறந்தது. அடுத்த ஆண்டே பிலிப் ஹென்றி காஸ் என்பவர் நான்கு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல் நீர் தயாரிக்கும் முறையை வெளியிட்டார்.

சென்னைக்கு அந்தக் கவலை இல்லை. கடல் வாசலிலேயே இருந்தது. ஆளுநர் ஆம்ப்தில் பிரபு 1905-இல் யோசனை சொல்ல, 'செத்த காலேஜ்' என்று நம் பெரியவர்கள் அழைத்த எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் திட்டம் வகுத்தார். 1909 அக்டோபரில் மெரினாவில் கடல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. 1919-இல் அது மீன்வளத் துறையிடம் போனது. 1942-இல் ஜப்பானியர் குண்டு வீசுவார்கள் என்று பயந்து ஊரே காலியானபோது காட்சியகமும் மூடப்பட்டது. கடல் எங்கும் போகவில்லை. அன்றாடம் தொட்டியைப் பார்க்க ஆள்தான் இல்லாமல் போனது.

1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் இன்னொரு வழியை எழுதினார். இயற்கைக் கடல் நீர், உயிருள்ள பாறை, மணல், கொஞ்சம் காற்றுக் குமிழ், அவ்வளவே. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. பாறையிலும் மணலிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதை மாற்றித் தீங்கு குறைந்த பொருளாக்குகின்றன. அவரது வெற்றியின் ரகசியம் அதுதான்.

இதையெல்லாம் அரைகுறையாகப் படித்துவிட்டு, ஓய்வு பெற்ற புதிதில் பேரனுக்காக ஒரு தொட்டி வைத்தேன். டிசம்பர் மாதம். பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு கேன் தண்ணீரும் ஒரு பை மணலும் எடுத்து வந்தோம். இரண்டு நீல மீன்கள் வாங்கி விட்டேன். மூன்றாம் நாள் காலையில் இரண்டும் மிதந்தன. "தாத்தா, கடல் தண்ணிதானே ஊத்தினோம்?" என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

மீன் கடைக்காரர் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுக் காட்டினார். 1.012 என்று நின்றது, 1.020-க்கு மேல் இருந்திருக்க வேண்டும். நான் எடுத்து வந்தது பாதி ஆற்று நீர்! வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், கடல் நடப்புக் கணக்கு. தினமும் வரவு செலவு உண்டு. வடகிழக்குப் பருவமழையில் நன்னீர் வரவு கூடும், உப்பு குறையும். கோடையில் உப்பு ஏறும். தொட்டியோ முடக்கிய கணக்கு. எந்த நாளில் எடுத்தோமோ அந்த நாளின் இருப்புதான் உள்ளே நிற்கும்.

மணலும் அப்படியே. லீ பயன்படுத்தியது உயிருள்ள மணல். வெயிலில் காய்ந்த கரை மணலில் அந்த நுண்ணுயிர்கள் அதிகம் இருக்காது. நம் கரை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். நடுவே கரிய இல்மனைட்டும் செந்நிறக் கார்னெட்டும் உண்டு. பவள மணலில் உள்ள சுண்ணாம்பு மெல்லக் கரைந்து நீரின் காரத்தன்மையைக் காக்கும். குவார்ட்ஸ் அதைச் செய்யாது. மேலும், கரை மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. அலையோடு வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருப்பது. சென்னைத் துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால்தான் மெரினா அகன்றது, ராயபுரம் பக்கம் கரை அரித்தது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991 முதலே மணல் அகழ்வைத் தடுத்துவருகிறது. 'ஒரு வாளிதானே' என்று ஊரே நினைத்தால் என்னாகும்? பவளமும் 2001 முதல் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. அதைத் தொடவே வேண்டாம்.

ஆகவே என் யோசனை இது. தொட்டி வைப்பதானால் கடையில் கிடைக்கும் கடல் உப்புக் கலவையும் பவள மணலும் வாங்குவோம். கடல் நீர்தான் வேண்டுமென்றால், முகத்துவாரத்தை விட்டுத் தள்ளி, கோடையில் எடுத்து, மூடிய கேனில் இருட்டில் இரண்டு வாரம் வைத்து, அளந்து பார்த்து ஊற்றுவோம். பண்ணையில் குஞ்சு பொரித்த கோமாளி மீன்களையே வாங்குவோம். மண்டபம் ஆய்வு நிலையத்தார் அவற்றை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் பத்து நிமிடம் பார்த்துக்கொள்ள யார் என்று முதலில் பெயர் எழுதுவோம். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பேரனுக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.