சங்கிலி காட்டிய வழி

1946-ஆம் ஆண்டு, உலகப் போர் ஓய்ந்த மறு ஆண்டு. இங்கிலாந்தில் சர்பிட்டன் என்னும் ஊரில் மோட்டார்ப் பட்டறை நடத்திவந்த சார்லஸ் கூப்பரும் அவர் மைந்தர் ஜானும் மலிவான பந்தயக் கார் ஒன்றைச் செய்ய முனைந்தனர். சிறிய பியட் கார்கள் இரண்டின் முன்பகுதிகளை வெட்டி, முதுகோடு முதுகாக இணைத்தனர். எஞ்சினோ மோட்டார் சைக்கிளுக்குரியது: ஜே.ஏ.பி. வகை, 500 சி.சி., ஒற்றைச் சிலிண்டர்.

அத்தகைய எஞ்சின் சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றுவது என்பதை நீங்கள் அறிவீர்கள். நீண்ட சங்கிலி தொல்லை தரும். ஆதலால் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே வைத்தனர். புரட்சி நோக்கமன்று, வசதிதான்! போருக்கு முன்னரே ஜெர்மானியர் இவ்வாறு செய்ததுண்டு; எனினும் அவ்வழக்கம் நிலைபெறவில்லை.

கூப்பர் வழி நிலைத்தது. 1958-இல் அர்ஜென்டினாவில் ஸ்டர்லிங் மாஸ் கூப்பர் காரில் பெராரிகளை வென்றார். 1959, 1960 ஆகிய ஈராண்டும் உலகப் பட்டம் கூப்பர் கார் ஓட்டிய ஜாக் பிராபமுக்கே கிட்டியது. உலகப் பட்டத்திற்குரிய பந்தயங்களில், முன்புறம் எஞ்சின் கொண்ட கார் இறுதியாக வென்றது 1960-இல், இத்தாலியில்.