புகை மிளகாய்

பழுத்த மிளகாயை விறகுப் புகையில் பல நாள் வைத்து, ஈரம் வற்ற உலர்த்தி எடுக்கும் வற்றல் புகை மிளகாய். மெக்சிகோவின் சிப்போட்லே, ஸ்பெயினின் பிமென்டோன் தெ லா வேரா, தென் சிலியின் மெர்க்கேன், நாகாலாந்தின் அடுப்புப் பரண் மிளகாய் ஆகியவை இவ்வகையில் பெயர்பெற்றவை. மழையாலும் மூடுபனியாலும் வெயில் கைவிட்ட ஊர்களில் விளைச்சல் அழுகாமல் இருக்கக் கண்ட வழி இது. அந்த மணத்தின் மேல் ஆசை வந்தது அதற்குப் பிறகுதான்.

மெக்சிகோவில் தொடக்கம்

இன்று உலகில் சமைக்கப்படும் மிளகாய்களில் பெரும்பாலானவை கேப்சிகம் ஆன்னுவம் என்ற இனத்தைச் சேர்ந்தவை. அந்த இனம் பயிராக்கப்பட்டது மெக்சிகோவில். புவெப்லா மாநிலத்துத் தெவகான் பள்ளத்தாக்குக் குகைகளை 1960களில் ரிச்சர்டு மெக்நீஷ் தலைமையில் அகழ்ந்தவர்கள், பல ஆயிரம் ஆண்டு பழைய மிளகாய் எச்சங்களைக் கண்டெடுத்தனர்.

வேளாண்மை வளர்ந்து, அறுவடை ஒரே பருவத்தில் குவியத் தொடங்கியபோது மிளகாயைச் சேமித்து வைக்கும் தேவை வந்தது. தோல் மெலிந்த வகைகளுக்குச் சிக்கல் இல்லை. களத்தில் பரப்பினால் வெயிலே வேலையை முடித்துவிடும். வறண்ட சகாதேகாஸ் மேட்டுநிலத்தில் இன்றும் பல வகை மிளகாய்கள் அப்படித்தான் வற்றலாகின்றன. வெராக்ரூஸ் மாநிலத் தலைநகரான ஹலாப்பாவின் பெயரைத் தாங்கிய ஹலப்பேன்யோ அப்படிப்பட்டதல்ல. அது தடித்த சதை கொண்ட மிளகாய். உள்ளே இருக்கும் நீர் வெளியேறுவதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று ஏறிவரும் அந்த மலைச்சரிவில் வெயிலை மட்டும் நம்ப முடியாது. அடுப்பின் சூடும் புகையும் அங்கே துணைக்கு வந்தன.

இப்படிப் புகையில் உலர்ந்த மிளகாய்க்கு ஆஸ்டெக்குகளின் நாவட்டில் மொழியில் சில்போக்ட்லி என்று பெயர். ஸ்பானியர் நாவில் அது சிப்போட்லே ஆயிற்று. பெர்னார்தினோ தெ சாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி 1529இல் மெக்சிகோ வந்து, நாவட்டில் பேசும் முதியவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பன்னிரண்டு நூல்கள் கொண்ட பெரும் தொகுப்பை உருவாக்கினார். அதன் பத்தாம் நூலில் சந்தை வணிகர்களின் வரிசையில் மிளகாய் விற்பவரும் இடம்பெறுகிறார். அவர் விற்கும் சரக்குகளுள் புகையில் உலர்த்திய மிளகாயும் ஒன்று. 1521இல் ஆஸ்டெக் தலைநகரான தெனோச்தித்லான் ஸ்பானியரிடம் வீழ்ந்து கோயில்களும் ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன. ஒரு மிளகாய் வியாபாரியின் கடைச்சரக்கு மட்டும் பெயர் பெயராக நமக்குக் கிடைத்திருக்கிறது. சமையல் வரலாற்றை எழுதும் எவரும் சாகுனுக்கும், அவருக்குச் சொல்லித் தந்த அந்தப் பெரியவர்களுக்கும் நன்றிக்கடன் பட்டவர்கள்.

செய்முறை

சிப்போட்லேக்குப் பச்சை மிளகாய் உதவாது. செடியிலேயே நன்றாகச் சிவந்து, சற்று வாடத் தொடங்கிய பிறகே பறிக்க வேண்டும். மூடிய அறையில் கம்பித் தட்டுகளின் மேல் பரப்பி, கீழிருந்து புகையை மெல்ல வர விடுகிறார்கள். சுவாகுவா மாநிலத்தில் பெக்கான் விறகு எரிப்பது வழக்கம். சில மணிக்கு ஒருமுறை புரட்டிவிட்டுக்கொண்டே இருக்க, பல நாள் கழித்துச் சருகாகி வரும். பத்துக் கிலோ பழத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வற்றல்தான் தேறும்.

விறகிலுள்ள லிக்னின் சூட்டில் சிதைந்து குவாயகால், சிரிஞ்சால் போன்ற பீனால் சேர்மங்களாகிப் புகையோடு கலக்கிறது. நாம் நுகரும் மணம் பெரிதும் இவற்றினுடையது. இவை நுண்ணுயிர்களையும் தடுக்கின்றன, எண்ணெய்ப்பசை சிக்குப் பிடிப்பதையும் தாமதப்படுத்துகின்றன. காரத்தைத் தரும் கேப்சைசின் புகையில் அழிவதில்லை. ஆகவே புகையூட்டினால் காரம் குறையும் என்று எண்ணுவது தவறு.

இரண்டு வகைகள் சந்தைக்கு வருகின்றன. மேக்கோ என்பது பெரியது, சாம்பல் கலந்த பழுப்பு நிறம், நெடுநேரம் புகை ஏறியது. மோரிட்டா சிறியது, கருஞ்சிவப்பு, குறைவாகப் புகையூட்டப்பட்டு இன்னும் வளையும் பதத்தில் இருப்பது. சுவாகுவாவிலிருந்து வெளிநாடு போவது பெரும்பாலும் மோரிட்டாதான். ஆழ்ந்த மணத்தைத் தேடும் மெக்சிகோ சமையல்காரர்கள் மேக்கோவையே விரும்புகிறார்கள், அவர்கள் தேர்வு சரியானது. இவ்விரண்டுக்கும் அப்பால் ஓஹாக்கா மாநிலத்து மலைகளில் மிஹே மக்கள் விளைவித்துப் புகையூட்டும் பசீயா மிஹே என்ற மிளகாய் உண்டு. சிறு நிலங்களில் கொஞ்சமாக விளைவதால் விலை அதிகம்.

அடுப்பங்கரையில்

காம்பையும் விதையையும் நீக்கி, கோமால் என்னும் தட்டையான சட்டியில் லேசாக வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து, மோல்காஹேதே என்ற மூன்று கால் கல்லுரலில் அரைப்பது பழைய முறை. வாட்டும்போது கருகவிட்டால் கசந்துவிடும். புவெப்லாவின் திங்கா, உதிர்த்த கோழிக்கறியைத் தக்காளி, வெங்காயம், சிப்போட்லே விழுதோடு சேர்த்துச் செய்வது. கால்தோ த்லால்பேன்யோ என்பது கொண்டைக்கடலை போட்ட கோழிச்சாறு; அதில் ஒரு சிப்போட்லே மிதந்தால் போதும், முழுப் பானையும் மணக்கும். வெராக்ரூஸில் காய்ந்த மிளகாயை வேர்க்கடலை, பூண்டோடு எண்ணெயில் பொரித்து அரைத்துச் சால்சா மாச்சா செய்கிறார்கள். நம் இட்லிப்பொடியில் எண்ணெய் குழைத்ததை நினைவூட்டும் பண்டம் இது. அதே மாநிலத்தில் முழு மிளகாயை வெல்லம் கரைத்த நீரில் வேகவைத்து மென்மையாக்கி, பாலாடைக்கட்டியோ கொத்துக்கறியோ அடைத்து, முட்டைக் கரைசலில் தோய்த்துப் பொரிப்பதும் உண்டு. அங்கே மிளகாயே பண்டமாகிறது.

இருபதாம் நூற்றாண்டில் தகர டப்பா சிப்போட்லேயைப் பரவலாக்கியது. தக்காளி, காடி, பூண்டு, மசாலா சேர்ந்த அதோபோ சாற்றில் ஊறிய சிப்போட்லேயை, 1923இல் மெக்சிகோ நகரில் தொடங்கிய லா கோஸ்தேன்யா போன்ற நிறுவனங்கள் அடைத்து விற்றன. ஊறவைத்து அரைக்கும் வேலை மிச்சமானது. ஆங்கில வாசகர்களுக்கு மெக்சிகோவின் வட்டாரச் சமையலை அக்கறையோடு எழுதிக் காட்டியவர் டயானா கென்னடி; அவருடைய முதல் நூல் 1972இல் வந்தது. ஸ்டீவ் எல்ஸ் 1993இல் டென்வரில் தொடங்கிய உணவகத்துக்குச் சிப்போட்லே என்றே பெயரிட்டார். இன்று அமெரிக்காவில் பலர் இந்தச் சொல்லை ஒரு கடையின் பெயராக மட்டும் அறிந்திருக்கிறார்கள். மிளகாய்க்கு இது இழப்பு.

கடல் கடந்து

கொலம்பஸின் பயணங்கள் மிளகாயை ஸ்பெயினுக்குக் கொண்டுசேர்த்தன. ஹெரோணிமோ சபைத் துறவிகள் மடத்துத் தோட்டங்களில் அதை வளர்த்துப் பரப்பினர் என்பது அங்குள்ள மரபுவழிச் செய்தி. வெயில் மிகுந்த முர்சியாவில் மிளகாய் வெயிலில் காய்ந்தது. எக்ஸ்திரமதூராவின் லா வேரா பள்ளத்தாக்கிலோ அறுவடை நேரத்தில் இலையுதிர்கால மழை தொடங்கிவிடும். ஒரே நாட்டுக்குள் இரண்டு மிளகாய்த்தூள்கள் பிறந்தது இப்படித்தான்.

லா வேராவில் கீழே ஓக் விறகு எரியும், மேல்தளத்தில் மிளகாய் பரந்திருக்கும். பத்து முதல் பதினைந்து நாள் வரை தினமும் கையால் புரட்டுகிறார்கள். பிறகு கல் எந்திரத்தில் மெதுவாக அரைக்கிறார்கள். சூடேறினால் நிறம் மங்கும். இனிப்பு, இளங்காரம், காரம் என மூன்று வகை. சோரிசோ என்ற பன்றியிறைச்சிக் குழலின் சிவப்பும் மணமும் பிமென்டோனால் வந்தவை. 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குத் தோற்றவிடப் பெயர்ப் பாதுகாப்பு அளித்தது. நேரடித் தீயில் வைத்தால் நொடியில் கருகும் தூள் இது. அடுப்பை அணைத்தபின் சூடான எண்ணெயில் கலப்பதே முறை.

சிலியின் மழை மிகுந்த தெற்கில் மப்பூச்சே மக்கள் கச்சோ தெ கப்ரா என்ற மிளகாயைப் புகையில் உலர்த்தி, வறுத்த கொத்தமல்லி விதையும் உப்பும் சேர்த்து இடித்து மெர்க்கேன் செய்கின்றனர்.

இந்தியாவுக்கு மிளகாய் போர்த்துகீசியர் வழியே வந்தது. தென்னகம் வெயிலில் உலர்த்தப் பழகியது. நீண்ட மழைக்காலம் கொண்ட நாகாலாந்தில், வீட்டின் நடுவே எரியும் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, இறைச்சியோடும் மீனோடும் ராஜா மிர்ச்சியையும் போட்டு வைக்கிறார்கள். நாகா மிர்ச்சி என்றும் அழைக்கப்படும் இதற்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புகையூட்டிய பன்றி இறைச்சியும் மூங்கில் குருத்தும் சேர்ந்த குழம்புக்கு இந்த மிளகாயே உயிர். நூல்களில் சிப்போட்லே பெற்ற இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்காதது நியாயமல்ல.

வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திரவப் புகையைச் சாதாரண மிளகாய்த்தூளில் கலந்து புகை மிளகாய் என்று விற்பது சந்தையில் சாதாரணம். பொட்டலத்தில் புகைச் சுவையூட்டி என்று எழுதியிருந்தால் அது இந்தக் கட்டுரை பேசும் பொருளல்ல. காம்போடு கூடிய முழு வற்றலாக வாங்கி, வேண்டும்போது வீட்டில் அரைத்துக்கொள்ளுங்கள்.