‘மனித’ எதிர்ப்பொருள்: வெறிநாய்க்கடியும் உயிரணு இணைவும்

1900இல் கசௌலியிலும் 1907இல் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் எழுந்தபின், வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசி இந்தியர்க்கு எட்டும் தொலைவில் வந்தது. ஆயினும் தடுப்பூசியின் தூண்டலால் உடல் தானே எதிர்ப்பொருளைச் சுரக்க ஒரு வாரமேனும் ஆகும். ஆழ்ந்த கடிக்கு அதுவரை காத்திருத்தல் இயலாது. ஆயத்த எதிர்ப்பொருளைக் காயத்திலேயே செலுத்தியாக வேண்டும். அதற்கு நெடுங்காலம் வாய்த்தவை இரண்டே. குதிரைக் குருதிநீர் ஒவ்வாமை அச்சத்துடனேயே இடப்பட்டது. மனிதக் குருதிநீர் விலையாலும் தட்டுப்பாட்டாலும் ஏழைக்கு எட்டவில்லை.

மாற்றுவழி 1975இல் கேம்பிரிட்ஜில் திறந்தது. எதிர்ப்பொருள் சுரக்கும் எலி மண்ணீரல் அணுவையும், ஓயாது பெருகும் மையலோமாப் புற்றணுவையும் செண்டாய் வைரசின் துணையால் கோலரும் மில்ஸ்டைனும் இணைத்தனர். இணையாத புற்றணுக்களை அமினோப்டெரின் கலந்த ஊடகம் அழிக்கும். இணையாத மண்ணீரல் அணுக்கள் தாமே மடியும். எஞ்சுவது கலப்பணு மட்டுமே. பின்னர் வைரசின் இடத்தைப் பாலிஎத்திலீன் கிளைக்கால் பிடித்தது.

இதே உத்தி மனித அணுக்களில் எளிதில் பலிக்கவில்லை. 1980இல் ஓல்சனும் கேப்லனும் மனித அணுக்களையே ஒன்றோடொன்று இணைத்துக் காட்டினர். ஆனால் தகுந்த மனித மையலோமா வரிசைகள் அரிதாயின. எலிப் புற்றணுவோடு இணைத்தாலோ கலப்பணு மனிதக் குரோமோசோம்களை உதிர்த்துவிடும். எலியைப்போல் மனிதரைப் பன்முறை ஊசியிட்டு மண்ணீரலை எடுத்துவிடவும் முடியாதன்றோ!

ஆகவே ஆய்வாளர்கள் சிக்கலைத் திருப்பிப்போட்டனர். மனித எதிர்ப்பொருள் மரபணுக்களைத் தாங்கிய எலிகள் 1994இல் அறிவிக்கப்பட்டன. இவற்றின் மண்ணீரல் அணுவும் எலியணு, இணையும் புற்றணுவும் எலியணு. எனவே கலப்பணு நிலைக்கும், சுரக்கும் புரதமோ மனிதருடையது. அத்தகைய எலிகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசியிட்டுப் பெற்றதே 17சி7 எனும் எதிர்ப்பொருள். மாசசூசெட்ஸின் மாஸ்பயாலஜிக்ஸும் புணேயின் சீரம் நிறுவனமும் அதை வளர்த்தெடுத்தன. 2010களின் பிற்பகுதியில் இந்தியாவில் உரிமம் கிடைத்தது. உடல் எடையில் கிலோவுக்குக் குதிரைக் குருதிநீர் 40 அலகும், மனிதக் குருதிநீர் 20 அலகும் தேவைப்பட, இதற்கு 3.33 அலகு போதும்.

‘மனித’ என்னும் அடைமொழி இங்கே எதைத் தழுவுகிறது என்பதும் கருதத்தக்கது. எதிர்ப்பொருள் உருவானது எலியுடலில். ஆலையில் அதைச் சுரப்பது சீன வெள்ளெலியின் சூலக அணு. அமினோ அமில வரிசை ஒன்றே மனிதருடையது.