அம்மோனியா பிரிண்டிலிருந்து பிடிஎஃப் வரை

திருச்சிலேர்ந்து தஞ்சாவூர் ரோட்டுல திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் போனா, எந்தத் தெருவுல திரும்பினாலும் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை இருக்கும். 1965-ல் செக்கோஸ்லோவாகியா உதவியோடு வந்த பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலைதான் இதுக்கெல்லாம் தாய்வீடு. பாய்லர் கதையை நிறைய பேர் சொல்லிட்டாங்க. எனக்கு ஆர்வம் வேற ஒண்ணுல: டிசைன் ஆபீஸ்ல போட்ட கோடு, பட்டறைல பிளேட் வெட்டுறவர் கைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

எங்க ஊர் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துல இந்தப் பிரச்சினை பெருசா இருந்திருக்காது. 13 நிலை, 236 அடி, 1987 மார்ச் 25-ல் கும்பாபிஷேகம். கோபுர வேலைல கணக்குப் போடுற ஸ்தபதியும் சிற்பிகளும் ஒரே இடத்துல. சந்தேகம் வந்தா கூப்பிட்டுக் கேட்டுக்கலாம். பாய்லர் அப்படி இல்ல. வரையறவர் ஒரு இடம், செய்யறவர் இன்னொரு இடம், காசு கொடுக்கிற மின் நிலையம் வேற மாநிலத்துல. நடுவுல பயணம் போறது காகிதம் மட்டும்தான்.

அந்தக் காகிதத்தைப் பட்டறைல 'புளூபிரிண்ட்'னு சொல்லுவாங்க. நிஜத்துல அது அம்மோனியா பிரிண்ட். 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்ச முறைல நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடு வரும். அதுதான் அசல் புளூபிரிண்ட். அம்மோனியா பிரிண்டில் தலைகீழ், வெள்ளைத் தாளில் நீலக் கோடு. டிரேசிங் ஷீட்டை ரசாயனம் பூசின தாள் மேல வெச்சு வெளிச்சம் காட்டணும். கோடு மறைச்ச இடத்துல மட்டும் ரசாயனம் தங்கும், அம்மோனியா ஆவி பட்டதும் நீலமாகும். கூடவே மூக்கைத் துளைக்கிற நாத்தம், இலவசம் :-)

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், டிரேசிங் ஆபீஸ்லயே இருக்கும், வெளிய போறது நகல் மட்டும். அதுல யாராவது பேனாவால எதையாவது மாத்தினா பார்த்ததுமே தெரிஞ்சிடும். 1950-ல் வந்த இந்தியக் கொதிகலன் விதிகள்படி அழுத்தம் தாங்குற பாகங்களுக்கு டிராயிங் ஒப்புதல் வேணும். முத்திரை குத்தின அந்த நகல்தான் எல்லாருக்கும் ஆதாரம்.

ஆட்டோகேட் 1982 கடைசில வெளியாச்சு. வரையறது சுலபமாச்சு, அனுப்பறது சிக்கலாச்சு. டிடபிள்யூஜி ஃபைலை அனுப்பினா டிரேசிங்கையே தூக்கிக் கொடுத்த மாதிரி. மவுஸ் கொஞ்சம் நகர்ந்தா ஒரு கோடு நகரும். பேனா மாதிரி தடயம் இருக்காது. நம்ம கிட்ட 2000 பதிப்பு, வாங்குறவர் கிட்ட ஆர்14 இருந்தா, பழைய வடிவத்துல சேமிச்சு அனுப்பலைன்னா திறக்கவே திறக்காது. எஸ்ஹெச்எக்ஸ் எழுத்துரு இல்லைன்னா எழுத்தெல்லாம் கேள்விக்குறி. எந்த நிறத்துக்கு எவ்வளவு தடிமன்னு சொல்ற சிடிபி ஃபைல் கூட வரலைன்னா, விளிம்புக் கோடும் அளவுக் கோடும் ஒரே மாதிரி தெரியும்.

1991-ல் அடோபியின் ஜான் வார்னாக் 'கேமலாட்'னு தொடங்கின திட்டம், 1993-ல் பிடிஎஃப் ஆச்சு. எழுத்துருவை உள்ளேயே கட்டிக்கிட்டு போகும், எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும். தமிழ் வாசகர்களுக்கு இதோட அருமையைச் சொல்லணுமா என்ன? டிஸ்கி எழுத்துரு இறக்கலைன்னா பூச்சி பூச்சியா தெரிஞ்ச காலத்துல, 1998-ல் தொடங்கின மதுரைத் திட்டத்தின் நூல்களை நிம்மதியா படிக்க வெச்சது பிடிஎஃப்தான்.

ஆட்டோடெஸ்க் சும்மா இருக்கல, டிடபிள்யூஎஃப்னு சொந்த வடிவம் கொண்டு வந்தாங்க. தொழில்நுட்பமா மட்டமில்ல. ஆனா அதைப் பார்க்கத் தனி மென்பொருள் வேணும். இலவச அக்ரோபேட் ரீடர் எல்லார் கணினியிலும் ஏற்கெனவே இருந்தது. கடைசில ஆட்டோகேட் 2007-லயே பிடிஎஃப் வெளியீட்டைச் சேர்த்துட்டாங்க. 2008-ல் பிடிஎஃப் ஐஎஸ்ஓ தரமாச்சு. பொறியியல் ஆவணங்களுக்குன்னே பிடிஎஃப்/இ-யும் அதே வருஷம்.

என் பார்வையில பிடிஎஃப் ஜெயிச்சதுக்குக் காரணம் அது புதுசுங்கிறது இல்ல, அம்மோனியா பிரிண்ட் மாதிரியே இருந்ததுதான். மாத்தவே முடியாதுன்னு இல்ல, தெரியாம மாத்திட முடியாது. அது போதும்.

ஆனா ரெண்டு விஷயம் கைவிட்டுப் போச்சு. ஒண்ணு ஸ்கேல். ஏ0 தாளுக்கு 1:10-ல் போட்ட டிராயிங்கை 'ஃபிட் டு பேஜ்' கொடுத்து ஏ4-ல் அடிச்சா அது 1:40. மூலைல 1:10-னு அச்சாகியிருக்கும். நம்பி ஸ்கேல் வெச்சு அளந்தா பிளேட் காலி. மினி டிராஃப்டரைத் தூக்கிட்டு அலைஞ்ச முதல் வருஷத்துலயே, அளவை எண்ணுல படி, கோட்டை அளக்காதேன்னு சொல்லிக் கொடுத்துடுவாங்க. இருந்தும் அவசரத்துல கை ஸ்கேலுக்குத்தான் போகும்.

இன்னொண்ணு, திரும்ப வாங்கறது. முறையா நடந்த ஆபீஸ்கள்ல யாருக்கு எத்தனை பிரிண்ட் போச்சுன்னு ரிஜிஸ்டர் இருக்கும். ரெவிஷன் 2 வந்தா, ரெவிஷன் 1-ஐ வாங்கி 'ரத்து' முத்திரை குத்துவாங்க, இல்ல கிழிச்சுப் போடுவாங்க. மெயில்ல போன பிடிஎஃபை எப்படித் திரும்ப வாங்கறது? ரெவிஷன் 3 வந்த பிறகும் ரெவிஷன் 1 யாரோ ஒருத்தரோட டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல, 'ஃபைனல்'ங்கிற பேரோட உட்கார்ந்திருக்கும்.