கடைசி ஓவருக்கு என்ன விலை?

2025 டிசம்பர் 16. அபுதாபி. ஐ.பி.எல். ஏலம். மதீஷா பதிரானா என்ற பெயர் வருகிறது. அடிப்படை விலை 2 கோடி. டெல்லி கேட்கிறது, லக்னோ கேட்கிறது, கடைசியில் கொல்கத்தா உள்ளே புகுகிறது. சுத்தியல் விழுந்தபோது தொகை 18 கோடி ரூபாய்!

சரியாக ஒரு மாதத்துக்கு முன்புதான் சென்னை சூப்பர் கிங்ஸ் இதே பையனை வேண்டாம் என்று வெளியே விட்டிருந்தது. அங்கே அவருக்கு விலை 13 கோடி.

அப்புறம் கேட்க வேண்டுமா? டீக்கடை, ஆபீஸ் கேன்டீன், மின்சார ரயில் என்று எங்கே போனாலும் இரண்டு கட்சி. 'தங்கத்தைத் தூக்கி எறிஞ்சுட்டாங்கய்யா!' என்று ஒரு கட்சி. 'போன சீசன்ல ஓவருக்கு பத்து ரன் கொடுத்தவனுக்கு பதிமூணு கோடியா?' என்று இன்னொரு கட்சி. நீங்களும் ஏதோ ஒரு கட்சியில் இருந்திருப்பீர்கள்.

இந்தச் சண்டை நமக்குப் புதுசு. அமெரிக்கர்களுக்கு ரொம்பப் பழசு. அவர்கள் ஊர் பேஸ்பாலில் பந்து எறிபவருக்கு 'பிட்சர்' என்று பெயர். ஆட்டத்தைத் தொடங்குபவர் ஒருவர். அவர் களைத்துப் போனதும் உள்ளே வருபவர் 'ரிலீஃப் பிட்சர்'. நம் பாஷையில் சொன்னால், கடைசி ஓவர் ஆசாமி. வேலை நேரம் கொஞ்சம். டென்ஷன் அதிகம்.

1959-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் எல்ராய் ஃபேஸ் என்று ஒரு ரிலீஃப் பிட்சர். அந்த வருஷம் அவர் கணக்கில் 18 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியது. சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் மட்டும் ஸ்கோர் கணக்கைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

காரணம் இருந்தது. எந்த பிட்சர் ஆட்டத்தில் இருக்கும்போது அணி முன்னிலை பிடித்து, அதைக் கடைசிவரை விடாமல் ஜெயிக்கிறதோ, அவர் கணக்கில்தான் வெற்றி எழுதுவார்கள். ஃபேஸ் உள்ளே வருவார். காப்பாற்ற வேண்டிய முன்னிலையைக் கோட்டை விடுவார். அவருடைய சகாக்கள் மறுபடி அடித்து ஜெயிக்க வைப்பார்கள். வெற்றி ஃபேஸ் கணக்கில் வரவாகும்! அவர் பெற்ற வெற்றிகளில் பல இந்த ரகம். ஒழுங்காகக் கட்டிக் காத்துக் கொடுத்த மற்ற ரிலீஃப் பிட்சர்களுக்கோ பேரும் இல்லை, புகழும் இல்லை.

இந்த அநியாயத்தைச் சரிக்கட்ட ஹோல்ட்ஸ்மன் ஒரு புதுக் கணக்கை உண்டாக்கினார். பெயர் 'சேவ்'. அதாவது, காப்பாற்றிக் கொடுத்தது. 1969-ல் பேஸ்பால் அதை அதிகாரபூர்வ கணக்காகவே ஏற்றுக்கொண்டது. கடைசி நேர ஆசாமிக்கு முதன்முதலாக ஒரு நம்பர் கிடைத்தது. நம்பர் வந்தால்? பின்னாலேயே விலையும் வந்துவிடும்.

எவ்வளவு விலை? பனாமாவில் ஒரு மீனவக் கிராமத்திலிருந்து வந்த மரியானோ ரிவேராவுக்கு நியூயார்க் யாங்கீஸ் 2007-ல் கொடுத்தது, மூன்று வருஷத்துக்கு 4.5 கோடி டாலர். அப்போது அவருக்கு வயது 38. கிழவனுக்கு இவ்வளவா என்று கேட்டவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. 2013-ல் ஓய்வு பெற்றபோது ரிவேராவின் சேவ் எண்ணிக்கை 652. அதுதான் சாதனை.

எல்ராய் ஃபேஸ் என்ன ஆனார் என்று சொல்லவில்லையே? மறு வருஷம், 1960-ல், அவர் கணக்கு 10 வெற்றி, 8 தோல்வி. 'அவ்வளவுதான், சரக்கு தீர்ந்துபோச்சு' என்று தோன்றும், இல்லையா? அந்த வருஷம்தான் பைரேட்ஸ் உலகக் கோப்பைக்குச் சமமான 'வேர்ல்ட் சீரிஸை' ஜெயித்தது. அதில் மூன்று ஆட்டங்களைக் கடைசியில் வந்து காப்பாற்றிக் கொடுத்தவர் சாட்சாத் ஃபேஸ்! 18-1 என்றபோது அவர் கடவுளும் இல்லை. 10-8 என்றபோது களிமண்ணும் இல்லை.

விஷயம் இதுதான். கொஞ்ச நேரமே வேலை செய்கிறவனின் ஒரு வருஷக் கணக்கு நம்மை ஏமாற்றும். நாலு பந்து விளிம்பில் பட்டு கேட்ச்சாகப் போனால் ஹீரோ. அதே நாலு பந்து விளிம்பில் பட்டு பவுண்டரிக்குப் போனால் வில்லன்.

இப்போது சேப்பாக்கத்துக்கு வருவோம். சென்னையின் கடைசி ஓவர் ஆசாமி என்றால் ட்வைன் பிராவோ. 2011-ல் வந்தார். 2013-ல் 32 விக்கெட், 2015-ல் 26 விக்கெட் எடுத்து இரண்டு முறை பர்ப்பிள் கேப் வாங்கினார். பிறகு சென்னைக்கு இரண்டு வருஷத் தடை. குஜராத் அணிக்குப் போன பிராவோ, 2017-ல் காயத்தால் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. வயது 34. காமர்ஸ் படித்தவர்கள் பாஷையில், தேய்மானம் போட்டுத் தள்ள வேண்டிய இயந்திரம். ஆனால் 2018 ஏலத்தில் சென்னை அவரை 6.4 கோடிக்கு 'ரைட் டு மேட்ச்' போட்டுத் திரும்ப எடுத்தது.

அந்த சீசனில் பந்துவீச்சில் என்ன செய்தார்? ஓவருக்குப் பத்து ரன் கிட்டே கொடுத்தார்! ஆனால் முதல் ஆட்டத்திலேயே மும்பைக்கு எதிராக 30 பந்தில் 68 அடித்து, போன மேட்சைத் திருப்பிக் கொண்டுவந்தார். சென்னை கோப்பையையும் தூக்கியது. 2021-ல் இன்னொரு கோப்பை. அப்போது பிராவோ கொடுத்தது ஓவருக்கு எட்டு ரன்னுக்கும் கீழே. 2022-ல் 38 வயதுக்காரரை மறுபடி எடுத்தார்கள். இம்முறை 4.4 கோடி. பத்து ஆட்டத்தில் 16 விக்கெட். தேய்மானத்தைக் கழித்துக்கொண்டு கொடுத்த விலை, கச்சிதமாகப் பொருந்தியது.

அதே 2022-ல்தான் காயம்பட்ட ஒருவருக்குப் பதிலாக, இலங்கையின் கண்டியிலிருந்து பதிரானா வந்து சேர்ந்தார். மலிங்காவைப் போலவே, இன்னும் சொல்லப்போனால் அவரைவிடத் தாழ்வாக, பக்கவாட்டில் சுழலும் கை. 2023-ல் பிராவோ பயிற்சியாளர். பதிரானா 12 ஆட்டத்தில் 19 விக்கெட். கோப்பை. 2024-ல் ஆறே ஆட்டத்தில் 13 விக்கெட். அதற்குள் தொடைத் தசையில் காயம், மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

அந்த ஆறு ஆட்டத்தைப் பார்த்துதான் 13 கோடி கொடுத்துத் தக்கவைத்தார்கள். 2025-ல் 12 ஆட்டத்தில் 13 விக்கெட், ஓவருக்குப் பத்து ரன்னுக்கு மேல், வைடுக்கு மேல் வைடு. சென்னை முதன்முறையாகக் கடைசி இடம். கைதட்டிய அதே கூட்டம் 22 வயதுப் பையனைத் திட்டித் தீர்த்தது.

நம் சேலத்து நடராஜன் கதையும் இதுதான். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகியவர். 2017-ல் பஞ்சாப் 3 கோடி கொடுத்தது. மறு வருஷமே விலை 40 லட்சம்! 2020-ல் 16 விக்கெட் எடுத்து இந்திய அணிக்குப் போனார். 2021-ல் முழங்கால் ஆபரேஷன். 2022-ல் ஹைதராபாத் 4 கோடிக்குத் திரும்ப எடுத்தது. 2024-ல் 19 விக்கெட். உடனே டெல்லி 10.75 கோடி. அந்த சீசனில் ஆடியது இரண்டே ஆட்டம். ஒரே மனுஷன், ஒரே கை. விலை மட்டும் ராட்டினம் மாதிரி மேலும் கீழும்.

அப்படியானால் எதை வைத்துத்தான் விலை போடுவது?

அரியலூர் மாவட்டத்தில், ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் வரதராஜன்பேட்டை என்று ஒரு பேரூராட்சி. சுற்றுவட்டாரம் முந்திரிக்குப் பேர் போனது. முந்திரித் தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிறவர் போன வருஷம் எத்தனை மூட்டை என்று கேட்டுக்கொள்வார்தான். ஆனால் அதை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட மாட்டார். தோப்புக்குள் நடப்பார். அண்ணாந்து பார்ப்பார். பூ எப்படி வைத்திருக்கிறது? தளிர் எப்படி இருக்கிறது? பூவில் மழை அடித்தால் நஷ்டம் என்பதையும் மனசுக்குள் கழித்துக்கொண்டுதான் விலை பேசுவார். வேடிக்கை பாருங்கள், முந்திரி பூக்கிற பனிக்காலத்தை ஒட்டித்தான் ஐ.பி.எல். ஏலமும் நடக்கிறது. கொட்டை விழுகிற கோடையில்தான் ஆட்டமும்!

அந்தக் குத்தகைக்காரர் கண்ணால் பார்த்தால், சென்னை செய்த தப்பு 2025 நவம்பரில் பதிரானாவை விட்டது அல்ல. 2024-ல் ஆறு ஆட்ட மகசூலுக்கு முழுத் தோப்பு விலை கொடுத்ததுதான். காயத்துக்கு ஒரு பைசா கழிக்கவில்லை. பிராவோவுக்கு நிதானமாகக் கணக்குப் போட்டவர்கள், பதிரானா விஷயத்தில் அவசரப்பட்டார்கள்.

சரி, 18 கோடி கொடுத்த கொல்கத்தா மட்டும் என்ன கணக்கில் கொடுத்தது? 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்து ஒருவர் அந்த அணிக்கு ஆலோசகராகப் போயிருந்தார். பதிரானாவின் கையை இரண்டு சீசன் பக்கத்தில் நின்று பார்த்தவர்.

பெயர், ட்வைன் பிராவோ.

அடுத்த ஏலம் வரும்போது நீங்கள் மறுபடி டீக்கடையில் சண்டை போடுவீர்கள். தாராளமாகப் போடுங்கள். போன வருஷம் எத்தனை விக்கெட் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். தோள் எப்படி இருக்கிறது, முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பூவைப் பார்க்காமல் தோப்பு பேசாதீர்கள்!