குடவோலை (அரசியல் பேச்சில்)

சோழர் காலத்துப் பிரமதேய (பிராமணருக்குக் கொடையளித்த) ஊர்ச் சபைகள் தங்கள் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, உறுப்பினரைத் தேர்ந்த முறை குடவோலை. தகுதியுடையோர் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளே (919, 921) இதற்கு முதன்மைச் சான்று. உத்திரமேரூர் இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தாலும், சோழர் என்றதும் தஞ்சாவூர் நினைவுக்கு வருவதால் பெருமை காவிரி டெல்டாவுக்கும் சேர்ந்தது.

கல்வெட்டாய்வாளர் வெங்கையா 1904-05 தொல்லியல் ஆண்டறிக்கையில் இக்கல்வெட்டுகளை வெளியிட்டார். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி 1930களில் விரித்தெழுதினார். தன்னாட்சிக்கு இந்தியர் தகுதியற்றவர் என்ற ஆங்கிலேயர் வாதத்துக்கு இது நல்ல பதிலடியானது. அரசியல் மேடைகளில் விடுபட்டது தகுதிப் பட்டியல்: கால் வேலிக்கு (வேலி ஒரு நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் தேர்வுக்கு வரக்கூடாது என்ற விதியை எந்தக் கட்சியும் உரக்கச் சொல்வதில்லை, காரணம் ஊகிக்கக்கூடியதே.

கால் வேலி நிலம் என்ற அந்த ஒரு விதியே நிலமற்ற பண்ணையாளை வெளியே நிறுத்தப் போதும். 1940களில் கம்யூனிஸ்டுத் தலைவர் பி. சீனிவாச ராவும் அவர் தோழர்களும் கீழத்தஞ்சையில் பேசியது சோழர் பெருமையை அல்ல. பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலையும் சவுக்கடியையும் நிறுத்துவது பற்றி, களத்தில் அளக்கும் கூலி நெல் பற்றி. 1944 மன்னார்குடி ஒப்பந்தம் அதில் விளைந்தது. 1952 பொதுத்தேர்தலில் நிலவுடைமையாளரான மிராசுதாருக்கும் பண்ணையாளுக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு. அதே ஆண்டு ராஜாஜி அரசு பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

ஜனநாயகம் பேசிய இன்னொரு தரப்பு தி.மு.க. தேர்தலில் நிற்பதா என்பதையே 1956 திருச்சி மாநாட்டில் வாக்கெடுத்து முடிவுசெய்த கட்சி அது. 1962இல் மு. கருணாநிதி தஞ்சாவூரில் வென்றார். அக்கட்சியின் ஜனநாயகப் பேச்சில் மொழியும் மாநில உரிமையும் முன்னுக்கு வந்தன. 1974இல் அதன் ஆட்சியில் மாநில சுயாட்சித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நெருக்கடிநிலையின்போது, 1976 ஜனவரி 31 அன்று, அந்த ஆட்சி கலைக்கப்பட்டது.

2016இல் வாக்காளருக்குப் பணம் கொடுத்த புகாரில் தஞ்சாவூர், அரவக்குறிச்சித் தொகுதிகளின் தேர்தல்களைத் தேர்தல் ஆணையம் ரத்துசெய்து நவம்பரில் நடத்தியது. 'பணநாயகம்' என்ற கேலி அப்போது மேடைதோறும் கேட்டது. பேசியவர்களில் கொடுத்தவர்களும் உண்டு.

2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடி உத்திரமேரூரை எடுத்துக்காட்டினார். ஆள்பவரிடம் உரிமை கேட்கப் பயன்பட்ட கல்வெட்டு, இப்போது ஆள்பவர் வாயிலேயே 'ஜனநாயகத்தின் தாய்' என்ற வாதத்துக்குச் சான்றாகிவிட்டது. 2023 மே 28 அன்று அக்கட்டடத்தின் திறப்புவிழாவில், சைவ மடமான திருவாவடுதுறை ஆதீனத்தோடு தொடர்புடைய செங்கோலும் மக்களவைக்குள் வைக்கப்பட்டது. செங்கோல் மன்னராட்சியின் சின்னம் என்று எதிர்க்கட்சியினர் ஆட்சேபித்தார்கள்.