யானைக் காதும் எண்ணூர் தண்ணியும்

நர்சரியில் போய், ‘எலிஃபன்ட் இயர் இருக்கா?’ன்னு கேட்டுப் பாருங்கள். முறம் மாதிரி இலை விரித்த ஒரு செடியைத் தொட்டியோடு கொண்டுவந்து வைப்பார்கள். ‘இது நம்ம சேப்பங்கிழங்கு இலை மாதிரியில்ல இருக்கு?’ என்று உங்கள் வீட்டுப் பாட்டி கேட்டால் சிரித்துவிடாதீர்கள். பாட்டி சொல்வதுதான் சரி! அந்தப் பெயரில் விற்கும் பல செடிகளில் முக்கியமானது நம்ம சேம்புதான். அலோகேசியா, கலேடியம் எல்லாம் அதன் பங்காளிகள்.

‘சரி, யானைக் காது என்ற பெயராவது வெள்ளைக்காரன் வைத்ததா?’ என்றால், அந்த உவமையும் நம்மிடம் எப்போதோ இருந்தது. குறுந்தொகையின் 76ஆம் பாடலைப் புரட்டுங்கள். பாடியவர் கிள்ளிமங்கலங்கிழார். காதலன் பிரிந்து போகப் போகிறான் என்று கேள்விப்பட்டுக் கலங்குகிறாள் தலைவி. அது வாடை வீசும் பனிக்காலம். மலைச்சரிவில் சேம்பின் அகன்ற இலை காற்றில் ஆடுவது, ஆண் யானையின் காது அசைவதைப் போல இருக்கிறதாம்!

சேம்பு ரொம்ப ஊர் சுற்றிய செடி. பப்புவா நியூகினியின் ‘குக்’ சதுப்பு நிலத்தில் மனிதர்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பயன்படுத்தியதற்குத் தடயம் கிடைத்திருக்கிறது. ஹவாய்த் தீவின் பழங்கதையில் சேம்புதான் மூத்த பிள்ளை, மனிதன் அதற்குத் தம்பி! போன இடமெல்லாம் அது சோறு போட்டது.

இங்கிலாந்தில்தான் கதை மாறியது. நதானியேல் வார்டு என்ற லண்டன் டாக்டர் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடி தானாகவே உயிர் வாழ்வதைக் கவனித்தார். 1833ல் அப்படிப்பட்ட பெட்டிகளில் செடிகள் கப்பலேறி, உயிரோடு ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தன. அவ்வளவுதான், வெப்பநாட்டுச் செடிகள் எல்லாம் கடல் தாண்ட ஆரம்பித்தன! அதே பெட்டிகளோடு 1835ல் இந்தியாவுக்குச் செடி தேட வந்தவர் ஜான் கிப்சன் என்ற தோட்டக்காரர். பிற்பாடு, 1860களில், அவர் லண்டன் பாட்டர்சீ பூங்காவில் பெரிய இலைச் செடிகளுக்கென்றே ஒரு தோட்டம் போட்டார். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. அந்த மோகத்தில் சேம்பும் அலங்காரச் செடியாயிற்று. குளிர் வந்தால் கிழங்கைத் தோண்டி உள்ளே வைத்துக் காப்பாற்றினார்கள். ஆனால், சமைக்கவில்லை!

அந்த மோகம்தான் சுற்றி வளைத்து இன்று நம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது.

‘ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் இது வளருமா சார்?’ என்று கேட்கிறீர்களா? அமோகமா வளரும். ஆனால், இந்தச் செடியின் குணத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விடியற்காலையில் இலை நுனியில் ஒரு சொட்டு நீர் தொங்குமே, பெரும்பாலும் அது பனித்துளி இல்லை. ராத்திரி முழுக்க வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை வெளியே தள்ளுகிறது! அப்படியொரு தண்ணி குடிக்கிற செடி. அதனால்தான் அந்தக் காலத்தில் கிணற்றடியில், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில் சேம்பு வைத்தார்கள். வீணாகிற தண்ணீர் கிழங்காக வீட்டுக்கே திரும்பி வந்தது.

வடசென்னையில் சிக்கலே அந்தத் தண்ணீரில்தான். எண்ணூர் ஒரு காலத்தில் கோட்டை வெள்ளைக்காரர்கள் தோட்ட வீடு கட்டிக் காற்று வாங்கப் போன ஊர். 1806ல் சென்னையிலிருந்து அங்கே கால்வாய் வெட்டினார்கள். இன்று நாம் பக்கிங்ஹாம் கால்வாய் என்று சொல்வதன் ஆரம்பம் அதுதான். பிறகு ஆலைகள் வந்தன. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுச் சதுப்பில் படிந்தது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, கடல்நீர் உள்ளே வந்தது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த முகத்துவாரத்தின் சேற்றில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சேம்புக்கு நல்லது கெட்டது தெரியாது. மண்ணில் இருக்கிற உலோகத்தையும் சேர்த்தே உறிஞ்சி, இலையிலும் கிழங்கிலும் வைத்துக்கொள்ளும். சாக்கடையோரம், கால்வாய்க்கரையில் தளதளவென்று நிற்கிறதே என்று பறித்துச் சமைக்கிற வேலையே வேண்டாம். செழிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

வளர்க்க வழி இதுதான். அகலமான தொட்டியோ பழைய பிளாஸ்டிக் டிரம்மோ போதும். நல்ல இடத்துச் செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்து, கிழங்கை நாலு விரல் ஆழத்தில் வையுங்கள். காலை வெயில் படட்டும், மத்தியான வெயில் வேண்டாம். கடல்காற்று இலையைக் கிழித்துவிடும் என்பதால் சுவர் மறைவு நல்லது. போர் தண்ணி உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். மண் ஈரமாக இருக்கட்டும், ஆனால் அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிட்டால் கொசுவும் கூடவே வளரும். வெட்டும்போது சாறு பட்டால் அரிக்கும். இலைக்குள் ஊசி மாதிரியான கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் இருக்கின்றன. பச்சையாக மென்றால் வாய் எரிந்து வீங்கும். குழந்தைகள் ஜாக்கிரதை! நர்சரியில் அழகுக்காக வாங்கியதை ஒருநாளும் அடுப்பில் ஏற்றாதீர்கள்.

லண்டன்காரன் சேம்பை அழகுக்கு மட்டும் வைத்தது குளிர் நாட்டு மோகத்தால். எண்ணூர்க்காரர் அதைத் தொட்டியில் அழகுக்கு மட்டும் வைக்க வேண்டியிருப்பது சொந்த மண்ணை நம்ப முடியாததால். இரண்டும் ஒன்றா, சொல்லுங்கள்! தொட்டியில் இருக்கிற சேம்பு என்றைக்குப் பயமில்லாமல் கொல்லைப்புறத்து மண்ணில் இறங்கி, கிழங்காகக் குழம்புக்கு வருகிறதோ, அன்றைக்குத்தான் அந்த ஆறு பிழைத்தது என்று அர்த்தம்.